வேட்டி கட்டிய பன்றியும் ஒரு விசிலும்

எங்கள் குடும்பத்தில் எந்த நல்ல காரியம் நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வரும் நேரத்தில் ஒரு பன்றியும் கூடவே வந்துவிடும். என் காதுகுத்துக்கு வந்தது. சடங்குக்கு வந்தது. என் கல்யாணத்தில் மணமேடைக்கு எதிரிலேயே வந்து நின்றது. அதைக் கூட்டி வருகிறவர் என் தாய்மாமன், அம்மாவின் தம்பி.

"எங்க மச்சான் வாலிபத்துல ஒரு பன்னியப் பாத்தாரு. இடுப்புல வெள்ளை வேட்டி கட்டியிருந்துச்சாம். அதோட விட்டுச்சா? இவரப் பாத்து விசில் வேற அடிச்சுச்சாம்." இவ்வளவுதான் கதை. சொல்லிவிட்டு உதட்டைக் குவித்து ஒரு விசில் அடிப்பார். சபை குலுங்கிச் சிரிக்கும். அம்மாவும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதிலேயே மும்முரமாக இருப்பார்.

நடந்தது இதுதான். அப்பா மலேசியாவில் ரவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். ஒரு விடிகாலையில், தோட்டம் முடிந்து காடு தொடங்கும் கடைசி மர நிரையில், அவருக்கு முன்னால் ஒரு பெரிய மிருகம் வந்து நின்றது. தலையும் முன்னங்காலும் கறுப்பு. பின்னங்காலும் கறுப்பு. நடுவில் மட்டும் யாரோ வேட்டியைச் சுற்றிவிட்டது போல வெள்ளை. மூக்கு கொஞ்சம் நீண்டு தொங்கியது. அப்பா நடுங்கிப்போய் மரத்தோடு மரமாக நிற்க, அது தலையைத் தூக்கி மெல்லிசாக, பறவை மாதிரி, ஒரு விசில் அடித்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது.

பார்த்தவர் சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் காலை பெரட்டில், ஆளெடுப்புக்காகத் தோட்டமே வரிசையில் நிற்கும் இடத்தில், வாயைத் திறந்துவிட்டார். பெயர் சொல்லத் தெரியாததால் "வேட்டி கட்டின பன்னி" என்றார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் போயிற்று. தோட்டம் முழுக்க அவர் விசில்காரர். அந்தப் பெயரை முதலில் கத்தியது பக்கத்து லய வீட்டு வரிசையில் இருந்த ஒரு அரைக்கால் சட்டைப் பையன். பின்னாளில் அந்தப் பையனின் அக்காவைத்தான் அப்பா கட்டினார். விதியைப் பாருங்கள்.

மலாயில் அது தெனுக் என்று இப்போது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆங்கிலத்தில் டேப்பிர் என்பார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எல்லோருமாக விலங்குப் பூங்காவுக்குப் போனோம். அங்கே அதைக் கண்டதும் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதுதான், இதேதான்" என்று நிமிர்ந்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. மாமா அசரவில்லை. "வேட்டி சரி மச்சான். விசில் எங்க?" என்றார். அந்த மிருகமோ தண்ணீரில் பாதி முங்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றோம். துரோகி, ஒரு மூச்சுக்கூட விடவில்லை. அன்றிலிருந்து மாமா விசிலில் அழுத்தம் கொடுத்துக் கதை சொல்லத் தொடங்கினார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். அது இல்லாவிட்டால் இந்தத் தொழிலில் குப்பை கொட்ட முடியாது. பள்ளி விடுமுறை வந்தால் வேனை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு காட்டுப் பக்கம் போய்விடுவேன். இருவாச்சி பார்க்க, நீர்நாய் பார்க்க, ஒன்றும் இல்லாவிட்டால் மரம் பார்க்க. "காட்டுக் கிறுக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. நான் பள்ளி விட்டு வரும்போது பள்ளிக்கூட வாசலில் நின்று அப்பா அந்த விசிலைத்தான் அடிப்பார். மெல்லிசாகத் தொடங்கி, மேலே ஏறி, முடியும்போது கொஞ்சம் உடையும். அதைக் கேட்டு வளர்ந்தவள் காட்டுக்குப் போகாமல் கோலாலம்பூர் பேரங்காடிக்கா போவாள்?

போன வருஷம் என் மகளுக்கு நிச்சயம் வைத்தோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில். மாப்பிள்ளை வீட்டார் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்திருந்தார்கள், நல்ல மனிதர்கள். வெற்றிலைத் தட்டு வந்தது. பன்றியும் வந்தது. புது ஆட்கள் ஆனதால் மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை, விசிலை இரண்டு தரம் அடித்தார்.

அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர். இரண்டு கண்ணிலும் பார்வை சுருங்கி, வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். கை கழுவ எழுந்தவர் சுவரைத் தடவிக்கொண்டே போனார். அப்போது மாப்பிள்ளை வீட்டு விடலை ஒருவன் பின்னாலிருந்து விசிலடித்து, "தாத்தா, பன்னி வருது, ஓரமா போங்க" என்றான். அப்பா உண்மையிலேயே ஓரமாக ஒதுங்கினார். அதைப் பார்த்து எல்லோரும் மறுபடி சிரித்தார்கள்.

வேனில் திரும்பும்போது அப்பா சொன்னார். "பாப்பா, கல்யாணத்துக்கு நான் வரல."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். "என்னப்பா பேசுறீங்க? தாலியை நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்னு உங்க பேத்தி ஒத்தக் கால்ல நிக்கிறா."

"உனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. தாய்மாமன் இடத்துல நிக்க உன் மாமன்தான் வந்தாகணும். அவன் இல்லாம கல்யாணம் நடக்காது. நான் இல்லாம நடக்கும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கணக்குப் பார்த்துச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். அம்மா பின்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாய்மாமனை யார் கேட்பது? அதுதான் எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம். மச்சானைக் கேலி செய்ய அவருக்குப் பிறப்புரிமை. கேலிக்குக் கோபப்பட்டால் கோபப்பட்டவன்தான் சின்ன மனிதன். மாமா கெட்டவரும் இல்லை. என் பிரசவத்தின்போது மருத்துவமனை வாசலிலேயே பழியாகக் கிடந்தவர். வாய் மட்டும் கேட்காது. மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், தெனுக் விசிலடிக்கும் காணொளி ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். "இப்ப எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர்ல சவுண்டு போடுறான் லா. நாளைக்குப் பூனை தேவாரம் பாடும், அதையும் நம்புவியா?" என்றார்.

சரி மாமா, உங்களுக்குக் காட்டிலேயே காட்டுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. ராவு என்ற ஊர்ப் பக்கம் டுரியான் பழம் விழுகிற நேரம், மரத்தடியிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம், அப்பாவையும் கூட்டிப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டேன். டுரியான் என்றால் மாமா கட்டையில் போகிற வயதிலும் எழுந்து வருவார். உடனே தலையாட்டினார்.

அம்மா புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டிக் கொடுத்தார். தம்பிக்குக் காட்டுக்காற்று ஆகாது என்று பச்சைத் தைலம் இரண்டு பாட்டில் தனியாகப் பையில் போட்டார். பிரிக்பீல்ட்ஸில் மாமாவை ஏற்றிக்கொண்டு ரவாங் வழியாகப் போனேன். அப்பாவின் பழைய தோட்டம் இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலைகள். "கடைசி நிரை எங்கப்பா?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, காற்றை முகர்ந்துவிட்டு, "ஆத்துச் சத்தம் கேட்டா சொல்லுவேன். இப்ப லோரி சத்தம்தான் கேக்குது" என்றார். மாமா, "விசில் ஃபேக்டரி ஏதும் இருக்கா பாரு மச்சான்" என்றார். நான் கியரை மாற்றிய வேகத்தில் புளிச்சோற்றுப் பாத்திரம் உருண்டது.

கோல குபு பாரு தாண்டி மலைப்பாதையில் ஏறி இறங்கி, ராவுக்குப் போய், மாமா வயிறு முட்ட டுரியான் சாப்பிட்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு காடு இருக்கிறது. உள்ளே உப்புமண் நக்க மிருகங்கள் வரும் ஓர் இடம். அதற்கு எதிரில் மரக்கால்களின் மேல் ஒரு குடில். அங்கேதான் தங்கப்போகிறோம், தெனுக் பார்க்க.

மாமா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓ, திட்டம் போட்டுத்தான் கூட்டி வந்தீங்களா? சரி, பாத்துருவோம். அது விசிலடிக்கலேன்னா, கல்யாணத்துல மச்சானே மைக்கப் புடிச்சு 'நான் சொன்னது புளுகு'ன்னு சொல்லணும். சம்மதமா?"

வேண்டாம் என்று நான் வாய் திறப்பதற்குள், "சம்மதம்" என்றார் அப்பா.

கூட்டி வந்தது நான். மிருகம் என் பேச்சைக் கேட்டு வருமா? எத்தனையோ காட்டில் அதன் கால்தடம் பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் அதை நேரில் பார்த்ததில்லை. வராவிட்டால் அப்பாவின் பேச்சு செத்தது. கல்யாணத்தில் ஒரு நாற்காலியும் காலி.

வழிகாட்டி ஒரு மலாய்க்காரர். அபாங், அதாவது அண்ணன், என்று அழைத்தோம். குடிலுக்குக் கூட்டிப் போகும்போதே, சத்தம் கூடாது, விளக்கு கூடாது, காற்று நம் பக்கமிருந்து அடித்தால் மிருகம் மோப்பம் பிடித்துவிடும் என்று சொல்லியிருந்தார். தான் கீழே ஓடைக்கரைக் கொட்டகையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நாங்கள் பலகையில் படுத்தோம்.

முதல் விடியலில் ஒன்றும் வரவில்லை. அணில் வந்தது. காட்டுக்கோழி ஒன்று வந்து கிளறிவிட்டுப் போனது. வெயில் உப்புமண்ணின் மேல் விழுந்ததும் மாமா சோம்பல் முறித்து, "மச்சான், மைக்குல என்ன பேசணும்னு நான் எழுதித் தரேன்" என்றார். அப்பா கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது அபாங் ஏணியில் ஏறி வந்தார். பாதியிலேயே நின்று மூக்கைச் சுளித்தார். "இங்க யார் மிஞ்யாக் அங்கின் பூசினது?" என்று மலாயில் கேட்டார். "கீழ ஓடை வரைக்கும் தைல வாசனை அடிக்குது. இந்தக் காடே உங்களைப் பார்த்து ஓடியிருக்கும்."

நான் திரும்பினேன். மாமாவின் நெற்றி, கழுத்து, நெஞ்சு, முட்டி, உள்ளங்கால் எல்லாம் பளபளவென்று மின்னியது. ஒரு பாட்டில் காலி. அம்மா ஆசையாகக் கொடுத்தனுப்பியது. பேருந்தில் ஏறினாலும் தைலம், கோயிலுக்குப் போனாலும் தைலம், எங்கள் ஆட்கள் சுடுகாட்டுக்குப் போகும்போது மட்டும்தான் அதை விடுவார்கள். சின்ன வயதிலிருந்தே அந்த வாசனை எனக்குப் பழகிப்போனதால் மூக்கில் ஏறவே இல்லை.

"காத்து ஏறிடும்லா பாப்பா" என்றார் மாமா.

எனக்குள் அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்தது அவிழ்ந்துவிட்டது. "உங்களுக்குக் காத்து ஏறினா என்ன, ஏறாட்டி என்ன? எங்கப்பாவோட வாழ்க்கை முழுக்க நீங்கதான் ஏறி உக்காந்திருக்கீங்க. உங்க கேலியால பேத்தி கல்யாணத்துக்கே வரலேன்னு சொல்லிட்டாரு, தெரியுமா உங்களுக்கு? இப்ப கீழ இறங்கி, அந்த ஓடையில முங்கி, தைலம் போற வரைக்கும் தேய்ச்சிட்டுத்தான் நீங்க மேல வரணும். நாளைக்குக் காலை வரைக்கும் இங்கதான் இருக்கப் போறோம்."

தாய்மாமனிடம் அப்படிப் பேசிய பெண் எங்கள் வம்சத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு வரலேன்னா சொன்னீங்க?"

மாமா துண்டை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினார்.

மலை ஓடைத் தண்ணீர், பல் கிட்டிக்கும். வெகுநேரம் கழித்து, தலைமுடி நட்டுக்கொண்டு, உதடு வெளுத்து, தைலம் ஊறிய தன் துணிக்குப் பதில் தோய்த்து உலர்த்திய என்னுடைய டிராக் சூட்டைப் போட்டுக்கொண்டு மேலே வந்தார். பொழுது சாய்ந்ததும் குளிரில் அவர் உடம்பு உதறியது. தைலத்தைத் தொட முடியாது. அப்பா தன் கம்பளியைத் தடவி எடுத்து அவர்மேல் போர்த்தினார். "விடு பாப்பா, இனி ஒண்ணும் சொல்லாத. இவன் சின்னதுலேருந்தே சளிக்காரன்" என்றார். மாமா கம்பளிக்குள் முகத்தை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் விடியல். மழை தூறி விட்டிருந்தது. சாம்பல் நிறத்தில் வெளிச்சம் வரத் தொடங்கியபோது அப்பா கையை உயர்த்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. சேற்றில் கனமாக ஒரு கால் பதிந்து உருவிக்கொள்ளும் சத்தம்.

அதற்குப் பின், புதருக்குள்ளிருந்து, ஒரு விசில். மெல்லிசாகத் தொடங்கி, மேலே ஏறி, முடியும்போது கொஞ்சம் உடைந்தது. என் பள்ளிக்கூட வாசல் விசில்.

மாமாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. அப்பா நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு அதே விசிலைத் திருப்பி அடித்தார். காடு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அது பதில் சொன்னது, முன்னைவிடப் பக்கத்தில்.

புதர் விலகியது. முன்னே கறுப்பு, பின்னே கறுப்பு, நடுவில் வெள்ளை. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இலைகூட அசையாமல் வந்து உப்புமண்ணில் நின்றது.

"எங்க நிக்குது?" என்று அப்பா கிசுகிசுத்தார். அவர் முகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரியவில்லை. எத்தனையோ வருஷம் காத்திருந்த மிருகம் எதிரே நிற்கிறது, அவருக்கு வெறும் சாம்பல்தான். நான் வாயெடுத்தேன். அதற்குள் மாமா அப்பாவின் தோளைப் பற்றி மெதுவாகத் திருப்பினார்.

"இந்தப் பக்கம் மச்சான். சோத்துக்கைப் பக்கம். நேரா நிக்குது. வேட்டிதான் மச்சான். வெள்ளை வேட்டிதான் கட்டியிருக்கு."

"சுத்தமா இருக்கா?"

"கீழ கொஞ்சம் சேறு பட்டிருக்கு." அவர் மூக்கை உறிஞ்சினார். "மூக்க ஆட்டுது. மண்ணை நக்குது. இப்ப நம்மப் பக்கம் பாக்குது."

அதற்குள் புதர் இன்னொரு முறை அசைந்தது. தாயின் காலடியில் ஒரு குட்டி ஓடி வந்து நின்றது. உடம்பு முழுக்கக் கோடும் புள்ளியும். அது வாயைத் திறந்து கீச்சென்று ஒரு பொடி விசில் அடித்தது.

"மச்சான், குட்டி. குட்டி ஒண்ணு வந்திருக்கு. இதுக்கு வேட்டி இல்ல" என்றார் மாமா. பிறகு தன் கண்ணையே நம்பாதவர் போல, "கோடு போட்ட கைலி கட்டியிருக்கு மச்சான்" என்றார்.

அப்பா சிரித்தார். சத்தம் வராமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். என் அப்பா அந்தக் கதைக்குச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். எனக்கு அந்தக் குடிலின் கூரையில் ஏறி நின்று கிள்ளான் வரைக்கும் கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது. ஜெயித்தோம். அப்பா ஜெயித்தார்.

கல்யாணம் கிள்ளானில், ஒரு மண்டபத்தில். என் மகள் தாத்தாவின் கையைப் பிடித்துத் தாலித் தட்டின்மேல் வைக்க, அவர் எடுத்துக் கொடுத்தார். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தது. மாமா எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். எனக்குப் பழைய பழக்கத்தில் பல் நறநறத்தது.

"எங்க மச்சான் வாலிபத்துல ஒரு மிருகத்தப் பாத்தாரு. வேட்டி கட்டியிருந்துச்சு, விசிலடிச்சுச்சு. நான் அவர அறுபது வயசு வரைக்கும், அதுக்கு மேலயும் கிண்டல் பண்ணினேன். போன மாசம் நானே பாத்தேன், இந்தக் காதால கேட்டேன். அவரு சொன்னது அத்தனையும் நெஜம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் கேட்குமா? "இன்னும் ஒண்ணு சொல்றேன். அதுக்கு ஒரு குட்டி இருந்துச்சு. அது கைலி கட்டியிருந்துச்சு."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நிச்சயத்தன்று விசிலடித்த அந்த விடலை, "தொப்பி போட்டிருந்துச்சா அங்கிள்?" என்று கேட்டான். "சத்தியமா லா, கோடு போட்ட கைலி" என்று மாமா கையை ஆட்ட ஆட்டச் சிரிப்பு கூடியது. அவர் முகம் சிவந்து, நாக்கு உலர்ந்து, மைக்கைப் பிடித்தபடி நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. திருப்தியாக இருந்தது என்று சொன்னால் பாவம்தான், ஆனால் இருந்தது.

"தாத்தா, நீங்க சொல்லுங்க. குட்டி கைலி கட்டியிருந்ததை நீங்க பாத்தீங்களா?" என்று விடலை அப்பாவிடம் வந்தான்.

அப்பா வெற்றிலையை மடித்து வாயோரம் ஒதுக்கினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் மைக் இருந்த இடத்துக்கு அவரை நடத்திப் போனேன்.

"நான் பாக்கல" என்றார். "எனக்குக் கண்ணு தெரியாது." மாமா தலை குனிந்தார். அப்பா கையை நீட்டித் துழாவி அவர் தோளைக் கண்டுபிடித்தார். "ஆனா என் மச்சான் பாத்தேன்னு சொன்னான். அப்ப அது கைலி கட்டித்தான் இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மாமா மைக்கை அணைக்காமலேயே அழுதார். அது மண்டபம் முழுக்கக் கேட்டது.